ஏணி விழாமல் காத்தவர்கள்

புத்தி என்கிற சரக்கைத் தவிர மற்றதெல்லாம் வந்து இறங்கிய வெல்ல மண்டி அது. பொங்கலுக்கு அனுப்பவேண்டிய வெல்லத்தைப் பூவலிங்கம் பரணில் நின்று அடுக்கிக்கொண்டிருந்தான். ஏறுமுன் ஒரு செம்பு நீர்மோர் குடித்திருந்தான். அது இப்போது இறங்க வழி கேட்டது. வெல்லத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும் வேலை போய்விடும்.

“அண்ணாச்சி, நான் இறங்கணும். அவசரம்.”

கீழே மேஸ்திரி வெயிலுமுத்துவும் மூட்டை தூக்கும் அரியநாயகமும் ஏணியைப் பிடித்தபடி யோசனையில் இருந்தார்கள். காலையில்தான் முதலாளி சொல்லிவிட்டுப் போயிருந்தார்: “இனிமே ஏணிப் பாதுகாப்புதான் முக்கியம். ஏணி விழவே கூடாது. ஏணியில்லாம எவனும் இறங்கவும் கூடாது.”

“ஏணி எதனாலலே விழுது?” என்றார் மேஸ்திரி.

“நிக்கிறதாலதான் அண்ணாச்சி. படுத்துக் கிடக்கிறது எங்க விழும்?”

இருவரும் ஏணியைப் பதனமாக எடுத்து, தரையில் சாக்கு விரித்துக் கிடத்தினார்கள். முதலாளி வாங்கித் தந்த ஹெல்மெட்டை அதன் தலைமாட்டில் மாட்டினார்கள். அரியநாயகம் அதன்மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தான். ஏணி அசையவில்லை.

“இப்ப இறங்குலே. பயமே இல்லை.”

பூவலிங்கம் எட்டிப் பார்த்தான். ஏணி வெகு பத்திரமாகத்தான் இருந்தது. கால்தான் எட்டவில்லை.

“கொஞ்சம் நிமித்தி வையுங்களேன்.”

“விழுந்துட்டா உங்கப்பனா வந்து பதில் சொல்லுவாரு?”

மோர் அதற்குமேல் வாதாட விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கீழே குவிந்திருந்த காலிச் சாக்குகள்மேல் குதித்தான். எழுந்து கொல்லைப்பக்கம் ஓடியவனை மேஸ்திரி மறித்தார்.

“எங்கலே ஓடுத?”

“ஒண்ணுக்கு.”

“ஏணியில இறங்கினியா?”

“இல்லை.”

“அப்ப அது இறங்கினதுல சேராது. முறைப்படி நீ இன்னும் மேலதான் இருக்க. மேல இருக்கிறவன் கீழ எப்படிலே ஒண்ணுக்குப் போவான்?”

பூவலிங்கம் தொடையை இறுக்கிக்கொண்டு யோசித்தான். எப்படிப் புரட்டினாலும் நியாயம் மேஸ்திரி பக்கமே விழுந்தது. தான் மேலே சொகுசாக உட்கார்ந்திருக்க, தான் கீழே கிடந்து தவிப்பதா? அவனுக்கு ஆத்திரம் வந்தது. பரணை அண்ணாந்து கூப்பிட்டான்.

“ஏலே பூவலிங்கம், சட்டுனு இறங்கி வாலே. முட்டிக்கிட்டு வருது.”

மூவரும் அண்ணாந்தபடி காத்து நின்றார்கள். பூவலிங்கத்தின் காலைச் சுற்றித் தரையில் ஈரம் பரவியது. அவன் முகம் தெளிந்தது. உடனே வாடியும் போனது.

“வேலை போச்சு அண்ணாச்சி. மேல இருக்கிறவன் வெல்லத்துலயே போயிட்டான்.”

“எப்படிலே சொல்லுத?”

“எனக்கு முட்டுறது நின்னுட்டுதே.”