பூஜ்யம் வந்த கட்டடம்

கட்டடக் கலைஞர் தேவசகாயத்திடம் தொழில் கற்றவள் நஸ்ரின். அவள் வடிவமைத்த இருபது மாடிக் குடியிருப்பு, ஆண்டு முழுவதும் செலவழித்த மின்சாரத்தை வெயிலிலிருந்து தானே உண்டாக்கிக்கொண்டது. வரவைக் கழித்தால் செலவு பூஜ்யம். மேடையேற்றிப் பாராட்டினார்கள்.

மே மாதத்தில் ஒருநாள் காலை, ஊரெங்கும் மின்சாரம் போனது. வெளியே மின்சாரம் நின்றால் அந்தக் கட்டடத்தின் சோலாரும் தானாக நின்றுவிடும். மின்சாரம் சாயங்காலம்தான் திரும்ப வந்தது. அதற்குள் பத்தொன்பதாம் மாடியில், சக்கர நாற்காலியில் இருந்த கோதண்டம் வெக்கை தாங்காமல் இறந்துபோனார். மாத்திரை வாங்கக் கீழே போயிருந்த மனைவி பங்கஜம், லிஃப்ட் ஓடாமல், உட்கார்ந்து உட்கார்ந்து படியேறி வந்து பார்த்தார்.

நஸ்ரின் தேவசகாயத்திடம் போனாள். மடிக்கணினியை அவர் முன்னால் வைத்தாள்.

"எங்கே தப்பு சார்? சுவர், கண்ணாடி, காற்று கசியாத இணைப்பு, எல்லாத்தையும் திரும்பவும் போட்டுப் பார்த்துட்டேன். கணக்குல பிழையே இல்லை."

அவர் திரையைப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வா."

கோதண்டத்தின் வீட்டுக்குப் போனார்கள். தேவசகாயம் பங்கஜத்திடம் தணிந்த குரலில் ஏதோ கேட்டார். பங்கஜம் தலையசைத்துவிட்டு வெளியே நடைவழிக்குப் போனார். தேவசகாயம் கதவைச் சாத்தினார். மெயின் சுவிட்சை அணைத்தார். தரையில் உட்கார்ந்தார்.

"எவ்வளவு நேரம் சார்?"

"உட்கார்."

ஏசி நின்ற அறையில் வெயில் மட்டும் நிற்கவில்லை. நஸ்ரினின் முதுகில் துணி ஒட்டியது. பிறகு மூச்சு கனத்தது. அவர் அசையவில்லை.

தாங்க முடியாமல் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். சட்டத்தின் ஓரமாகக் கையால் தடவினாள். கைப்பிடி இல்லை. வரைபடத்திலிருந்து அதை எடுத்தவளே அவள்தான். தெரிந்தும் கை தேடியது.

அப்போதுதான் பார்த்தாள். கண்ணாடியில், அவள் இடுப்பு உயரத்தில், உட்கார்ந்திருப்பவர் கைக்கு எட்டும் இடத்தில், உள்ளங்கைத் தடங்கள். ஓரம் நெடுக, ஒன்றின்மேல் ஒன்றாக.

திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"திறக்கிற ஜன்னல் வெச்சா குளிர் கசியும் சார். பூஜ்யம் வராது."

அவர் கண்ணாடியிலிருந்த தடங்களைப் பார்த்தார்.

"இப்ப நான் என்ன சார் செய்யணும்?"

"கதவைத் திற. அந்த அம்மா வெளியே நிக்கிறாங்க."