ஆறரை அடிக் கோடு

இதை நான் பார்க்கவில்லை. அங்கே ஷட்டர் மாட்டிய என் சித்தப்பா சொன்னது.

ஓய்வு பெற்ற பொறியாளர் தணிகாசலம், வீட்டை ஒட்டிய திறந்த கார் கொட்டகையை அடைத்து, ஒரு பக்கம் கார், மறுபக்கம் பட்டறை என்று வரைபடம் போட்டார். நடுச்சுவருக்காக, வீட்டுச் சுவரிலிருந்து ஆறரை அடியில் அவரே சுண்ணாம்புக் கோடு இழுத்தார்.

"கார் நிக்கும், இறங்க இடம் பத்தாதே சார்" என்றாள் சித்தாள் அங்கம்மாள்.

"நீ எந்தக் காலேஜ்ல படிச்சே? கோடு ஒரு அங்குலம் மாறினாலும் நாளைக்கு வேலைக்கு வராதே."

அவள் கோட்டை மாற்றவில்லை. வந்திறங்கிய செங்கல்லை அதன்மேல் இடுப்புயரம் அடுக்கினாள்.

"சுவர் எழும்புறதுக்கு முன்னாடி வண்டியை உள்ளே விட்டுச் சூடம் காட்டிடலாம் சார். நல்ல நேரம் முடியப்போகுது."

தணிகாசலம் பெருமையாகக் காரை உள்ளே விட்டார். இறங்கத் திறந்தபோது ஒரு கதவு வீட்டுச் சுவரில் இடித்தது, மறு கதவு செங்கல்லில்.

"செங்கல்லை நகர்த்து."

"கோடு மாறிடுமே சார்" என்றாள், சூடத் தட்டோடு.

அவர் இரண்டு கதவையும் இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தார். பிறகு கண்ணாடியை இறக்கி, "எவ்வளவு தள்ளணும்?" என்று கேட்டார்.

மறுநாளும் அங்கம்மாள் வேலைக்கு வந்தாள்.

சுவர் இரண்டடி தள்ளிப் போனதாகச் சித்தப்பா சொன்னார். போன வாரம் நானே டேப் வைத்து அளந்தேன்: வீட்டுச் சுவரிலிருந்து எட்டேமுக்கால் அடி, அதாவது தள்ளியது இரண்டேகால். பட்டறையில் ஒட்டியிருக்கும் வரைபடத்தில் மட்டும் இன்னும் ஆறரைதான்.