பச்சை வண்டியின் ஸ்டியரிங்

குன்னூரில் பழைய கார்களைப் பிரித்துக் கோத்துப் புதிதாக்கித் தருபவர் பிலோமினா. அவரிடம் தொழில் கற்க வந்த கோதண்டம், ரயில் இன்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர். குருவை விட வயதில் ரொம்ப மூத்தவர். ஆனாலும் 'வாத்தியாரம்மா' என்றுதான் கூப்பிடுவார். பாதி கேலி, பாதி நிஜம்.

அந்த மழைக்காலம் முழுக்க அவர் ஒரே வண்டியோடு கிடந்தார். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த, இரண்டே பேர் உட்காரும் பச்சை ஸ்போர்ட்ஸ் கார். துருவேறி இறுகிக் கிடந்த ஸ்டியரிங்கை அவரேதான் தேய்த்துத் தேய்த்துச் சுழல வைத்தார். காலையில் பட்டறைக்குள் நுழைந்ததும் பானெட்டைத் தட்டி, "எந்திரிச்சாச்சா?" என்பார்.

எல்லாம் முடிந்தது என்று அவர் நினைத்த அன்று, பிலோமினா ஒரு சின்ன மின்மோட்டாரைக் கொண்டுவந்து வைத்தார்.

"ஸ்டியரிங் லேசாத் திரும்பறதுக்கு. அதுக்குக் கீழ போற ராடை நடுவுல அறுத்துட்டு இதைப் பொருத்தணும் சார்."

கோதண்டத்தின் முகம் சுண்டிப்போயிற்று.

"அறுக்கறதா? கண்டதையும் சொருகினா, அப்புறம் அந்த வண்டியில என்னதான் வாத்தியாரம்மா மிஞ்சும்?"

பிலோமினா, வண்டியின் சொந்தக்காரர் மெஹருன்னிசாவுக்குப் போன் செய்து வரச் சொன்னார்.

மெஹருன்னிசாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கல்யாணமான புதிதில் அந்த மலை முழுக்க இந்த வண்டியை ஓட்டியவர். இப்போது வாதத்தில் விரல்கள் மடங்கியிருந்தன. ஆசையாக ஏறி உட்கார்ந்து கிளப்பினார். பட்டறை வாசலில் திருப்ப வேண்டும். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். அவர் பலத்துக்கு ஸ்டியரிங் அசையவில்லை.

இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்.

"புதுப்பொண்ணு மாதிரி பண்ணிட்டீங்க தம்பி. இங்கயே நிக்கட்டுமா? அப்பப்ப வந்து பாத்துட்டுப் போறேன்."

அவர் போன பிறகு கோதண்டம் வெகுநேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து ஆக்ஸா பிளேடை எடுத்தார்.

"ராடைப் பிடிச்சுக்குங்க வாத்தியாரம்மா."

அறுக்கும்போது அவர் கண் கலங்கியது. பிலோமினா பார்க்காத மாதிரி ராடைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு மெஹருன்னிசா மறுபடி வந்தார். மடங்கிய விரல்களாலேயே வாசல் திருப்பத்தைக் கடந்தார். "பஜார் வரைக்கும் போயிட்டு வந்துர்றேன் தம்பி!"

வெயில் சாய்ந்தது. அவர் வரவில்லை. கோதண்டம் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார்.

"போனையும் எடுக்க மாட்டேங்கறாங்க. பைக்கை எடுத்துட்டுப் போய்த் தேடிப் பாக்கட்டுமா?"

பிலோமினா சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடினார். எதிர்மலை வளைவுகளில் எங்கோ அந்த இன்ஜின் ஏறிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"ஓடுற வண்டிய எதுக்கு சார் தேடணும்?" என்றார் பிலோமினா.