இழுத்துப் பார்

"என்ன குத்தம் செஞ்சேன்னு என்னை வெளிய அனுப்புனீங்க, மாஸ்டர்?"

கேட்டவர் சவேரிமுத்து. திண்டுக்கல்லில் பூட்டு செய்கிறவர். அவர் பூட்டைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

மாஸ்டர் என்பது ஷாகிரா. மலையடிவாரத்தில் இருக்கும் ரைஃபிள் கிளப்பின் பயிற்சியாளர். சவேரிமுத்துவைவிட வயதில் சின்னவர்தான்.

"மக கையில துப்பாக்கியக் குடுத்தீங்க. இழுத்துப் பாக்காமக் குடுத்தீங்க," என்றார் ஷாகிரா.

அந்தக் கிளப்பில் சட்டம் ஒன்றே ஒன்று. கைத்துப்பாக்கி கைக்கு வந்தாலும் சரி, கையை விட்டுப் போனாலும் சரி, குழல்வாயை இலக்குகளுக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டுப் பக்கம் திருப்ப வேண்டும். மேலே இருக்கும் ஸ்லைடு மூடியைப் பின்னால் இழுத்து, உள்ளே குண்டு இல்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

சவேரிமுத்துவுக்கு இது அவமானமாகப் பட்டது. அந்தத் துப்பாக்கியில் பூட்டு பொருத்தியதே அவர்தான். அவர் விரல் வைத்துத் திறந்தால்தான் விசை நகரும். சிவப்பு விளக்கு எரிந்தால் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். பேட்டரி தீர்ந்துபோனாலும் உள்ளே ஓர் எஃகு ஊசி விசையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

அவர் இதையெல்லாம் விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

"நல்ல பூட்டுண்ணே," என்றார் ஷாகிரா கடைசியில்.

"அப்ப ஞாயித்துக்கிழமை போட்டிக்கு எங்க பேரச் சேத்துக்கங்க."

"முடியாது."

அது அப்பாவும் மகளும் ஜோடியாகச் சுடும் போட்டி. சவேரிமுத்து இல்லையென்றால் மகள் ஜெனோவாவும் இல்லை. வருடம் முழுக்கப் பயிற்சி எடுத்த பெண் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். அதைப் பார்க்கத்தான் அவருக்குப் பொறுக்கவில்லை.

என் பூட்டின் மேல் நம்பிக்கை இல்லையென்று நேராகவே சொல்லிவிடுங்கள் என்றார்.

நேரமாகிவிட்டது, குண்டு வைக்கிற அறையைப் பூட்டிவிட்டு வாருங்கள் என்று ஷாகிரா சாவியை நீட்டினார்.

கோபம் கோபமாகத்தான் போனார் சவேரிமுத்து. கதவைச் சாத்தினார். பூட்டினார். பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

பாதி தூரம் வந்தவர் திரும்பிப் போனார். இந்தத் தடவை இரண்டு கையாலும் தொங்கி இழுத்துப் பார்த்தார். திருப்தியோடு வந்து சாவியைக் கொடுத்தார்.

"யாரு செஞ்ச பூட்டுண்ணே அது?"

"இது ஒரு கேள்வியா? எங்க பட்டறைப் பூட்டு. நானே என் கையால..."

தன் கையைப் பார்த்தார். பிறகு ஜெனோவாவைப் பார்த்தார். சற்று முன் இதே கையால் அவளிடம் துப்பாக்கியை இழுத்துப் பார்க்காமலே கொடுத்தது நினைவுக்கு வந்தது.

ஷாகிரா துப்பாக்கியை எடுத்தார். சவேரிமுத்துவின் கண்ணெதிரேயே குழல்வாயை மண்மேட்டுக்குத் திருப்பி, இழுத்துப் பார்த்து, மூடி, அவரிடம் கொடுத்தார். சிவப்பு விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

சவேரிமுத்து அதை வாங்கினார். மண்மேட்டுப் பக்கம் திரும்பினார். இழுத்துப் பார்த்தார்.

ஜெனோவா பக்கத்தில் வந்து கை நீட்டினாள். கொடுத்தார்.

"அப்பா பாத்துட்டேன்னு இருந்துறாத. நீயும் இழுத்துப் பாரு."

ஷாகிரா போட்டிக்கான தாளை எடுத்து இரண்டு பேர் பெயரையும் எழுதினார்.