சேசம்மாள் பாட்டின் குறிப்பு

சூசைமிக்கேல் ஐம்பது வயதில் மென்பொருள் சோதிக்கக் கற்றுக்கொள்ள வந்தவர். கற்றுக்கொடுத்த செண்பகவல்லி அவரைவிட மிக இளையவள். அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

நாகர்கோவிலில் இருந்த அவர்கள் அலுவலகத்துக்கு ஒரு வேலை வந்தது. கடலோர ஊர்களில் முன்னொரு காலத்தில் பதிவு செய்த பாட்டுகளைப் பழைய டிஸ்க்குகளிலிருந்து புதியவற்றுக்கு மாற்ற வேண்டும். மாற்றும் நிரலைச் சோதிப்பது சூசைமிக்கேலின் வேலை. ஒவ்வொரு பாட்டுக் கோப்போடும் ஒரு குறிப்பு ஒட்டியிருந்தது: பாடியது யார், எந்த ஊர், என்ன சூழல். மாற்றி முடித்ததும் பழைய டிஸ்க்குகளை அழித்துவிடுவார்கள்.

புதிய டிஸ்க்குகள் ஒரே வகையல்ல. ஒன்று கோப்போடு பக்கம் பக்கமாகக் குறிப்பு ஒட்ட விட்டது. இன்னொன்று, குறிப்பு கொஞ்சம் நீண்டாலே ‘இடமில்லை’ என்றது. சோதனை தோற்றது.

சூசைமிக்கேல் சோதனைக்கு வைத்திருந்த குறிப்பை ஒற்றை வரியாகச் சுருக்கினார். எல்லா டிஸ்க்கிலும் பச்சை விழுந்தது.

“எல்லாத்துலயும் பாஸ் மேடம். மாத்த ஆரம்பிக்கச் சொல்லலாமா?”

செண்பகவல்லி நிஜப் பாட்டு ஒன்றை எடுத்து அந்த இரண்டாவது டிஸ்க்குக்கு மாற்றி, ஓடவிட்டாள்.

ஒரு பெண்குரல். வலை இழுக்கும் பாட்டு. இரண்டு அடி பாடியதும் குரல் நின்றது. அலைச்சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நான்காம் அடியிலிருந்து தொடர்ந்தது.

“பாடுறது யாரு அண்ணே?”

தேடினார். குறிப்பைக் காணவில்லை. நிரல் பாட்டை மட்டும் கொண்டுவந்திருந்தது. குறிப்பை விட்டுவிட்டதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“நடுவுல குரல் இல்லையே அண்ணே, அதை என்ன செய்யலாம்?”

“பதிவுல கோளாறு போல. வெட்டிடலாம்.”

அவள் பழைய டிஸ்க்கில் அதே பாட்டின் குறிப்பைத் திறந்து அவர் பக்கம் திரையைத் திருப்பினாள். நீளமான குறிப்பு. கடைசியில் இப்படி இருந்தது:

‘பாடியவர் சேசம்மாள். மூன்றாம் அடியை எப்போதும் அவர் கணவர்தான் பாடுவாராம். கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. அந்த அடியைப் பாடச் சொன்னோம். அது கணவருடையது என்று சொல்லிவிட்டார்.’

சூசைமிக்கேலுக்குத் தன் அம்மா நினைவுக்கு வந்தாள். அப்பா வேலைவிட்டு வரும் நேரத்தில் படியேறும் சத்தம் கேட்க வேண்டும் என்று அம்மா ரேடியோவைக் குறைத்து வைப்பாள். அப்பா இறந்த பிறகும் பல வருடம் குறைத்து வைத்தாள்.

“குறிப்பைச் சுருக்கி ஒட்டினா, மேடம்?”

“எந்த வரியை எடுக்கலாம், சொல்லுங்க.”

அவர் குறிப்பை வரி வரியாக மறுபடி படித்துவிட்டு, சோதனைக் கோப்பைத் திறந்தார்.

அன்றே சோதனையை மாற்றி எழுதினார். ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதன் எல்லைவரை குறிப்பை ஒட்டிப் பார்த்தார், எல்லையைத் தாண்டியும் ஒட்டிப் பார்த்தார். கொள்ளாத குறிப்பைப் பாட்டுக்குப் பக்கத்திலேயே தனிக் கோப்பாக வைக்கும்படி நிரலைத் திருத்தச் செய்தார். அதுவும் முடியாவிட்டால் நிரல் அங்கேயே நிற்க வேண்டும்.

வேலை முடிந்ததும் நாற்காலியில் சாய்ந்தார்.

“அந்த ஒரு டிஸ்க்கால எவ்வளவு தொல்லை மேடம்.”

“அது இடமில்லைன்னு நேர்மையாத்தான் சொல்லிச்சு அண்ணே. சோதனைக் குறிப்பைச் சுருக்கி, அதை வாய் திறக்க விடாம பண்ணினது நாமதான்.”