புறாவின் தொண்டையில் சிக்கிய பெயர்கள்

அந்தக் காலத்தில் புறாவுக்குப் பேச்சு வரும். வாய் ஓயாமல் பேசும். ஆனால் பயந்த சுபாவம். கொஞ்சம் பதறினாலும் நாக்கு குழறிவிடும்.

கடற்கரையோரத்து ஊர் ஒன்றில் ஒரு கோயில், ஒரு பள்ளிவாசல், ஒரு மாதா கோயில் இருந்தன. எந்த உயிரும் அவற்றில் தங்கிக்கொள்ளலாம். வழக்கம் ஒன்றே ஒன்றுதான்: வாசலில் நின்று அந்த இடத்தின் பேரைச் சொல்ல வேண்டும். எங்கே வந்திருக்கிறோம் என்று தெரிந்து வருவதுதானே மரியாதை. தப்பாகச் சொன்னால் மறுநாள் விடிந்துதான் அந்த வாசலுக்குத் திரும்ப வரலாம். அணிலும் கிளியும் அலட்டிக்கொள்ளாமல் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன.

செங்காலி என்ற பெண்புறாவும் அவள் கணவன் மணிக்கழுத்தனும் ஊருக்கு வெளியே புன்னைமரத்தில் குடியிருந்தார்கள். ஐப்பசியில் ஒருநாள் கடல் கறுத்தது. காற்று கிளம்பி மரத்தைச் சாய்த்துவிட்டது. கூடு போயிற்று. செங்காலிக்கோ முட்டையிடும் நேரம்.

"பொழுது சாயறதுக்குள்ள ஒரு மாடம் பாருங்க. தரையில இட்டா வெள்ளம் கொண்டு போயிடும்," என்றாள்.

மணிக்கழுத்தன் மூன்று பெயர்களையும் மாற்றி மாற்றி மனப்பாடம் செய்துகொண்டே பறந்தான். செங்காலியும் பின்னாலேயே பறந்தாள்; பேர் சொல்ல அவளுக்கு அவனைவிடப் பயம். கோயில் வாசலில் காவல்காரர் பிச்சாண்டி கையில் கம்போடு நின்றார். கம்பைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

"ஐயா, இந்தப் பள்ளிவாசல்ல..."

"இது கோயில்ப்பா. நாளைக்கு வா," என்றார் பிச்சாண்டி.

கோயில், கோயில் என்று தன்னையே திட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனான். அங்கே பாங்கு சொல்லும் மோதினார் செய்யது பாவா கதவை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் கேட்டதும் இவன் வாயில் வந்தது அதே பேர்தான்.

"கோயில்."

"இது பள்ளிவாசல், தம்பி. காலையில வாங்க," என்றார் அவர். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

மழை விழத் தொடங்கியது. மிச்சம் மாதா கோயில் மட்டும்தான்.

"இனிமே என்னால தாங்காது. இங்கயாவது சரியாச் சொல்லுங்க," என்றாள் செங்காலி.

மணியடிக்கும் சவரிமுத்து எட்டிப் பார்த்து, "இது எந்த இடம்? சொல்லு," என்றார்.

எது சரி? கோயிலா, பள்ளிவாசலா, மாதா கோயிலா? இதுவும் தப்பிவிட்டால் முட்டை போய்விடும். எந்தப் பேரையும் தனியாக நம்ப அவனுக்குத் துணிவில்லை. மூன்றையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லிவிடப் பார்த்தான். மூன்றும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தொண்டையில் சிக்கின. கழுத்து புடைத்தது. தலையை முன்னும் பின்னும் ஆட்டி முக்கினான்.

"குர்ர்... குர்ர்ர்..."

"என்னப்பா சொல்ற?"

"குர்ர்ர்..."

சவரிமுத்து காதைக் கொடுத்துக் கேட்டார். "தப்பா எந்தப் பேரும் வரலையே. பிறகு எதைச் சொல்லி உன்னைத் திருப்பி அனுப்புறது? மேல போங்க," என்று வழிவிட்டார்.

மணிக்கூண்டின் மாடத்தில் செங்காலி முட்டையிட்டாள். ஊரெல்லாம் வெள்ளம், முட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. சந்தோஷத்தில் மணிக்கழுத்தன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தான். குர்ர் என்றுதான் வந்தது. எத்தனை முறை முயன்றும் அதுதான் வந்தது. செங்காலி அழுதுவிட்டாள்.

செங்காலி எவ்வளவோ பேசிக் காட்டியும் குஞ்சுகள் அப்பனிடமிருந்து அந்த ஒரு பேச்சைத்தான் கற்றுக்கொண்டன. இறக்கை முளைத்ததும் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போய் அதையே சொல்லின. பிச்சாண்டிக்கும் செய்யது பாவாவுக்கும் அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்று முதல்தான் புறாக்கள் கோபுரத்திலும் மினாராவிலும் மணிக்கூண்டிலும் குடியிருக்கின்றன. இன்றைக்கும் நாம் பக்கத்தில் ஓரடி எடுத்து வைத்தால் போதும், பேரைக் கேட்கத்தான் வருகிறோம் என்று பயந்து படபடவென்று பறந்துவிடுகின்றன.