விரல் முளைக்க வைத்த கொக்கி

இருகூர் கூட்ஸ் லைனை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஓர் ஆசிரமம் இருந்தது. ஆசிரமம் என்று யாராவது சொன்னால் அங்கே இருந்தவரே சிரிப்பார். ஒரு பாய், ஒரு பானை, ஒரு சாமியார், அவ்வளவுதான். சரக்கு ரயில் போகும்போது மூன்றும் சேர்ந்து ஆடும். அதனால் அவருக்குக் கூட்ஸ் சாமியார் என்று பேர்.

அவருக்கு ஒரே ஒரு சிஷ்யர், திருமூர்த்தி. சாமியாரைவிட வயதில் மூத்தவர். உடம்பில் அவரைப்போல இரண்டு பங்கு. கணபதி என்ற பகுதியில் பம்பு மோட்டாருக்குத் தகடு வெட்டும் பிரஸ் பட்டறை வைத்திருந்தார். சாமியார் அவரைச் 'சிஷ்யரே' என்றுதான் கூப்பிடுவார். அதில் கேலி எத்தனை, மரியாதை எத்தனை என்று திருமூர்த்திக்கு இன்னும் பிடிபடவில்லை.

அன்றைக்கு மத்தியானம் திருமூர்த்தி பைக்கை ஸ்டாண்டுகூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு ஓடி வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கையுறையை எடுத்துச் சாமியார் முன்னால் போட்டார். அதில் இரண்டு விரல் அப்பளமாக நசுங்கியிருந்தது.

சாமியார் குனிந்து பார்த்தார். "உள்ளே?"

"உள்ளே ஒண்ணுமில்லீங்க. கையுறை பெருசு, பூங்கொடிக்குச் சின்னக் கை. நுனி சும்மா தொங்கிட்டிருந்துச்சு. பிரஸ்ஸு அதை மட்டும் கடிச்சுது. ஒரு நூலு சாமி, ஒரு நூலு தப்பிச்சது."

பூங்கொடி அவர் பட்டறையில் கைதேர்ந்த ஆள். திருமூர்த்தி உட்கார்ந்தார்.

"நீங்க என்னமோ சுச்சு பண்ணி மாட்டினதாச் சொன்னீங்களே?" என்று கேட்டார் சாமியார்.

"அதான் சாமி வயித்தெரிச்சல்! நானே ராப்பகலா உக்காந்து பண்ணினது. ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அமுக்கினாத்தான் பிரஸ்ஸு இறங்கும். கை ரெண்டும் பட்டன்மேல இருந்தா விரல் எப்படிப் போகும்? இவளுக என்ன பண்றாளுக தெரியுங்களா? சைக்கிள் ட்யூபை வெட்டி ஒரு பட்டனை இறுக்கிக் கட்டிப் போட்டுட்டு, ஒத்தைக் கையால ஓட்டறாளுக. போர்டு எழுதி மாட்டினேன். ஆயுத பூஜையன்னிக்குக் கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் வாங்கினேன். எட்டாம் நாளே ட்யூபு ஏறிடுச்சு!"

மூச்சு வாங்கினார். அப்புறம் கேட்டார்: "நல்லதுன்னு தெரிஞ்சும் மனுசன் ஏனுங்க சாமி ஏத்துக்க மாட்டேங்கறான்? தகட்டை வளைக்கத் தெரியுது. மனசை எப்படி வளைக்கறது?"

சாமியார் "வலது கையைக் கொடுங்க" என்றார். விரல்களைக் கொக்கி மாதிரி வளைக்கச் சொன்னார். தன் விரல்களையும் வளைத்து அதில் மாட்டிக்கொண்டார்.

"இழுங்க."

திருமூர்த்தி இழுத்தார். பாயோடு சேர்ந்து சாமியாரே நகர்ந்து வந்தாரே தவிர பிடி விடவில்லை.

"நான் அமெரிக்காவுல ரயில்வேயில இருந்தப்ப, வண்டியை வண்டியோட கோக்கறதுக்கு இப்படி ஒரு கொக்கி வந்துச்சு" என்றார் சாமியார்.

"எப்பங்க?"

"ஆச்சு, நூத்திமுப்பது வருசத்துக்கு மேல."

"சாமி, அப்ப நீங்க பொறக்கவே இல்லீங்க!"

"பொறக்கறதுக்கு முந்திதான் நான் நிறைய ஊர் சுத்தினேன். பொறந்தப்புறம் எங்க முடியுது?" சாமியார் கையை விட்டார். "கேளுங்க. அந்தக் கொக்கிக்கு முந்தி இரும்பு வளையமும் ஆணியுந்தான். ஒரு பெட்டி நிக்கும், இன்னொண்ணு உருண்டு வரும். நடுவுல ஆள் நின்னு வளையத்தைக் கையால பிடிச்சு, வர்ற பெட்டியோட வாய்க்குள்ள விட்டு, ஆணியைப் போடணும். கையை எடுக்க ஒரு கண் இமைப்பு தாமதமானா, விரல் அங்கேயே தங்கிடும்."

திருமூர்த்தி கையுறையைப் பார்த்தார்.

"பெட்டிகளைக் கோக்கற யார்டு ஒண்ணுல மக்லஸ்கின்னு ஒரு மேஸ்திரி. வேலை கேட்டு வர்றவன்கிட்ட ஊரு பேரு எதுவும் கேக்க மாட்டான். 'கையைக் காட்டு'ம்பான். ரெண்டு விரல் இல்லைன்னா, 'அனுபவசாலி, உள்ளே போ'. பத்தும் இருந்துச்சுன்னா, 'புதுசு, வீட்டுக்குப் போ'. மக்லஸ்கிக்கே வலது கையில மூணரைதான். வணக்கம் வைக்கறப்ப அதைத்தான் முன்னால நீட்டுவான்."

"கிறுக்கனுங்க சாமி அவன்."

"ஆம்புரோஸ்னு ஒருத்தன். பத்து விரலும் இருந்ததால வேலையே கிடைக்கலை. மூணு யார்டுல துரத்திட்டாங்க. நாலாவதா மக்லஸ்கிகிட்ட வந்தான். வர்றப்பவே சுண்டு விரலையும் மோதிர விரலையும் உள்ளங்கைக்குள்ள மடக்கி, கைக்குட்டையால சுத்திக் கட்டிக்கிட்டான். மக்லஸ்கி பாத்தான். கண்ணுல தண்ணி வந்துருச்சு. 'அனுபவம்னா இதுடா!'ன்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டான்."

திருமூர்த்தி சிரித்துவிட்டார். வந்ததிலிருந்து அப்போதுதான் அவருக்கு ஒழுங்காக மூச்சு இறங்கியது.

"சிரிக்கறீங்க. அவன் பாடு அவனுக்குத்தான் தெரியும். மடக்கின விரலோடவே சாப்பாடு, மடக்கின விரலோடவே தூக்கம். கல்யாணம் பண்ணினான். பொண்டாட்டிகிட்டயும் சொல்லலை. மூணு விரலால வளையம் மாட்டி மாட்டி, அந்தப் பக்கத்துலயே அவன் மாதிரி ஆள் இல்லைன்னு பேரு வாங்கிட்டான்."

"கொக்கி என்னாச்சுங்க? அதைச் சொல்லுங்க."

"அது வந்து வருசக்கணக்கா ஆச்சு! ஒருத்தர் பேனாக்கத்தியால மரத்துல செதுக்கிப் பாத்துப் பண்ணினது. பெட்டி ரெண்டும் முட்டினா தானே மாட்டிக்கும். நடுவுல ஆள் நிக்க வேண்டாம். மாட்டினாங்களா? மாட்டலை. கம்பெனிக்காரன், 'அடுத்த கம்பெனி மாட்டட்டும், நானும் மாட்டறேன்'னான். யார்டு ஆளுங்க, 'எங்களுக்கென்னத்துக்கு? அது பயந்தாங்கொள்ளிக்கு'ன்னாங்க. ஒரு விவசாயி மட்டும் அந்தக் கொக்கிக்காக ஊர் ஊராப் போய்ப் பேசினாரு. கூட்டத்துல எந்திரிச்சுப் பேசுவாரு, தூக்கி வெளிய போட்டா ஜன்னல் வழியாப் பேசுவாரு. கடைசியில சட்டம் போட்டாங்க: இந்தக் கொக்கி இல்லாத வண்டி ஒரு மாநிலம் விட்டு இன்னொரு மாநிலம் போகக் கூடாது. அதுக்கும் கம்பெனிகள் தவணை மேல தவணை வாங்கினாங்க. இருந்தாலும் மாட்டினாங்க."

"மனசு மாறிடுச்சுங்களா?"

"மனசை யாரு கேட்டாங்க? கொக்கி இல்லைன்னா வண்டி போகாது." சாமியார் தண்ணீர் குடித்தார். "நம்ம ஆம்புரோஸ் யார்டுல கடைசிப் பெட்டிக்கும் கொக்கி மாட்டற வரைக்கும் பொறுத்திருந்தான். மாட்டினதும் எல்லார் முன்னாலயும் கைக்குட்டையை அவுத்தான். ரெண்டு விரலையும் மெள்ள நிமித்தினான். படபடன்னு சொடக்கு விழுந்துச்சு. ஒரே கூச்சல். 'முளைச்சிருச்சு! கொக்கி மாட்டினா விரல் முளைக்குதுடா!'ன்னு ஆளாளுக்குத் தன் கையைப் பாத்துக்கிட்டாங்க."

திருமூர்த்தி தொடையில் தட்டிச் சிரித்தார். "நல்லா விட்டீங்க சாமி!"

"அப்ப மக்லஸ்கி கூட்டத்தை விலக்கிட்டு வந்தான். வலது கையை முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டு, ஆம்புரோஸ் காதோரமாக் கேட்டான்: 'ஏம்ப்பா, எனக்கும் முளைக்குமா?'"

திருமூர்த்தியின் சிரிப்பு பாதியில் நின்றது.

வெளியே சரக்கு ரயில் ஒன்று மெதுவாக வந்து நின்றது. தகரம் ஆடி அடங்கியது.

சாமியார் கேட்டார்: "உங்க பட்டறைக்குப் புதுசா யாராச்சும் வந்தா மொதல்ல என்னங்க காட்டுவீங்க?"

திருமூர்த்தி இடது கையை எடுத்து மடியில் வைத்தார். அதில் ஆட்காட்டி விரல் பாதிதான் இருந்தது. வாலிபத்தில் ஒரு பிரஸ்ஸில் விட்டது. புதிதாக யார் சேர்ந்தாலும், சூடம் காட்டுவது போல அதைத் தூக்கிக் காட்டுவார். 'இது போன அன்னிக்குத்தான்டா நான் தொழில் கத்துக்கிட்டேன். ஜாக்கிரதை!' என்பார். எச்சரிக்கை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"காலையில பூங்கொடியைத் திட்டினேனுங்க" என்றார், மெல்லிய குரலில். "அவ சொன்னா: 'சுச்சு எல்லாம் கத்துக்குட்டிகளுக்குங்ணா. நீங்க சுச்சு வச்சா பழகுனீங்க?'ன்னா. திமிருன்னு நெனச்சேன்."

சாமியார் பானையை நகர்த்தி வைத்தார்.

திருமூர்த்தியின் போன் அடித்தது. பூங்கொடிதான்.

"ஏனுங்ணா, எங்க போயிட்டீங்க? தகடு குமிஞ்சு கெடக்குது. ஓட்டட்டுங்களா?"

"தொடாத. யாரும் மெஷின் கிட்டப் போகாதீங்க. எலக்ட்ரீசியனை வரச் சொல்லு. ரெண்டு பட்டனையும் விட்டுட்டு மறுக்கா அமுக்கினாத்தான் அடுத்த வெட்டு விழற மாதிரி வயரை மாத்தணும். ஒண்ணைக் கட்டிப் போட்டா மெஷினு செத்துப் போயிடணும்."

"நாங்க எப்படிங்ணா அத்தனை மெதுவா ஓட்டறது? புதுசுங்க வேணா ஓட்டட்டும்."

"நான்தான் புள்ள மொதல்ல ஓட்டப் போறேன்."

போனில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள் போல, நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள். "நீங்களா? சுச்சு வச்சா? உங்களுக்கு எதுக்குங்ணா அதெல்லாம்?"

திருமூர்த்தி பாதி விரலைப் பார்த்தார்.

"எனக்குச் சுச்சு இல்லாம ஓட்டத் தெரியாது, பூங்கொடி" என்றார். "தெரிஞ்சிருந்தா விரல் இருந்திருக்குமே."

சிரிப்பு நின்றது.

"சரிங்ணா" என்றாள் பூங்கொடி. "ட்யூபை அவுத்துடறேன். வாங்க."

திருமூர்த்தி போனைப் பையில் போட்டார். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. எழுந்தார், வேட்டியைத் தட்டினார், வாசல்வரை போய்த் திரும்பினார்.

"சாமி, ஒண்ணே ஒண்ணு. எவ்வளவுங்க நெசம் இதுல?"

"கொக்கி நெசம். சட்டமும் நெசம்."

"விரல் முளைச்சது?"

சாமியார் கையுறையை எடுத்து, நசுங்கிய இரண்டு விரலையும் ஊதிப் பார்த்துவிட்டு அவரிடம் நீட்டினார்.

"ஏனுங்க சிஷ்யரே, பூங்கொடிக்குக் காலையில போக இருந்த ரெண்டு விரல் முளைச்சுதே, நீங்க பாக்கலையா?"